பதினேழு இலக்குகளைப் பீலிக்கரை வரை கொண்டுவந்தவர்கள்: ஒரு விளக்க நிகழ்வும் அதன் கைநூலும்

ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளைத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு எளிய தமிழில் விளக்கும் ஒரு நாள் நிகழ்வை இலங்கையின் மலையக இளைஞர் குழுவொன்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் நடத்தி வருகிறது. நிகழ்வுக்கு வருபவர்களுக்கு 48 பக்கக் கைநூலொன்றும் கிடைக்கிறது. எங்கள் தோட்டத்து மாதர் சங்கம் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்திருந்தது. தோட்டப் பாடசாலையில் கற்பிப்பவளும் சங்கத்தின் செயலாளருமான நானே ஏற்பாடுகளைக் கவனித்ததால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை அங்கேயே இருந்தேன். இவர்களை அழைக்கலாமா என்று யோசிக்கும் மற்றத் தோட்டங்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், கண்டதையும் கேட்டதையும் என் மதிப்பீட்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்குத் தயக்கம்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் இதே விடயத்தைப் பற்றி நகரத்து மண்டபமொன்றில் கருத்தரங்கு நடத்தியபோது, எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு பெண்களை நான் அழைத்துச் சென்றேன். பதாகை இருந்தது, தொப்பி கொடுத்தார்கள், திரையில் படங்கள் ஓடின, மதியத்துக்குச் சோற்றுப் பார்சலும் வந்தது. ஆனால் மேடையில் பேசியவர் "நிலைபேறான நுகர்வு மற்றும் உற்பத்திப் பாங்குகளை உறுதிப்படுத்தல்" என்பது போன்ற வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டே போனார். திரும்பி வரும் பஸ்ஸில், இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "தண்ணிய வீணாக்கக் கூடாதாம், டீச்சர்" என்றார். அவர் நாள் தவறாமல் விடியற்காலை நான்கு மணிக்கு, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் வரிசையில் நின்று, இரண்டு குடம் தண்ணீரை மேட்டுக்குச் சுமந்து வருகிறவர். உலக நாடுகள் அவருக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு வாக்குறுதி, அவர் காதில் அவருக்கே சொல்லப்பட்ட புத்திமதியாக விழுந்திருந்தது. அந்த ஒரு வரியின் வருத்தம் எனக்கு நெடுநாள் ஆறவில்லை. இந்தக் குழுவையும் அந்த அக்காவை மனதில் வைத்துக்கொண்டே கவனித்தேன்.

சங்கக் கட்டிடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். திரையோ ஒலிபெருக்கியோ கொண்டுவரவில்லை. கையால் வரைந்த துணிப்படங்கள் பதினேழையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்து, ஒன்றையும் விரிக்காமல் ஒரு மூலையில் சாய்த்து வைத்தார்கள். பேச்சைத் தொடங்கிய பெண் நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். "இன்றைக்கு இந்த லயத்தில் (வரிசை வீடுகளில்) முதலில் எழும்பினது யார், பெரியம்மா? எழும்பி என்ன செய்தீங்க?" என்று முன்வரிசையில் இருந்த மூதாட்டியிடம் கேட்டார். பீலி, விறகு, ரொட்டி, பிள்ளையை மடுவத்தில் (பிள்ளைக் காப்பகத்தில்) விடுவது, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வது என்று பதில்கள் நாலாபுறமும் இருந்து வந்தன. சொல்லப்பட்ட ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துணிப்படம் எழுந்து கயிற்றில் தொங்கியது. பீலிக்கு ஆறாவது இலக்கு, விறகடுப்புப் புகைக்கு ஏழாவது, சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு ஐந்தாவது என்று அரைமணி நேரத்துக்குள் ஒன்பது படங்கள் ஏறிவிட்டன. அவற்றுக்கு ஒரு பொதுப் பெயர் உண்டென்பதை அதன் பிறகுதான் சொன்னார்கள்.

பெயரையும் வரலாற்றையும் சுருக்கமாகவே சொன்னார்கள், சரியாகவும் சொன்னார்கள். 2015 செப்டெம்பர் 25ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்டவை இந்த இலக்குகள். இலக்குகள் 17, அவற்றுக்குக் கீழே குறியிலக்குகள் 169, எட்ட வேண்டிய ஆண்டு 2030. இவற்றுக்கு முன்னர் 2000ஆம் ஆண்டிலிருந்து 2015 வரை எட்டு இலக்குகள் கொண்ட வேறொரு திட்டம் இருந்தது. ஏற்றுக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு தம்பி எழுந்து, ஏற்றுக்கொண்டதை நிறைவேற்றாவிட்டால் அரசாங்கத்தின் மீது வழக்குப் போடலாமா என்று கேட்டார். இது போன்ற நிகழ்வுகளில் வழுக்கிவிடும் கேள்வி அது. இவர்கள் வழுக்கவில்லை. இலக்குகள் நாடுகள் கொடுத்த வாக்கு மட்டுமே என்றும், அவற்றைக் காட்டி நேரடியாக நீதிமன்றம் செல்ல முடியாது என்றும் தெளிவாகச் சொன்னார்கள். அதே மூச்சில், இலங்கை இதற்காகவே 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதையும், அதன் கீழ் ஒரு பேரவை அமைக்கப்பட்டிருப்பதையும், 2018இலும் 2022இலும் நாட்டின் முன்னேற்றம் பற்றி அரசாங்கம் தானே முன்வந்து உலகுக்கு அறிக்கை சமர்ப்பித்ததையும் விளக்கினார்கள். "வாக்குக் கொடுத்தவரிடம் வாக்கை நினைவுபடுத்தலாம், கணக்குக் கேட்கலாம், அதற்குத்தான் இது" என்று அந்தப் பெண் முடித்தபோது, கேள்வி கேட்ட தம்பி குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

இலக்கு, குறியிலக்கு, குறிகாட்டி என்ற மூன்று சொற்களும் படித்தவர்களையே குழப்புபவை. அவற்றை விளக்க இவர்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை உதாரணமாக எடுத்தார்கள். தோட்டத்தில் நல்ல கொழுந்து வரவேண்டும் என்பது இலக்கு. இன்ன திகதிக்குள் இத்தனை கிலோ என்பது குறியிலக்கு. தராசில் தெரிகிற எண் குறிகாட்டி. சொல்லி முடிப்பதற்குள், கொழுந்தின் நிறையில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள் போலும். தராசில் எண் தெரிந்தால் மட்டும் போதாது, அதை யார் வாசிக்கிறார்கள், எங்கே எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி, அங்கிருந்து சராசரி என்ற விடயத்துக்கு வந்தார்கள்.

அன்று நான் கண்டவற்றுள் சிறந்த பகுதி இதுதான். ஒரு மேசையில் இரண்டு தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் 100 கௌப்பி விதைகளைக் கொட்டினார்கள். ஒவ்வொரு விதையும் ஐந்து வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளை. 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் இந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். எனவே முதல் தட்டிலிருந்து 17 விதைகளை எடுத்து ஓரமாக வைத்தார்கள். இரண்டாவது தட்டு தோட்டப்புறம் மட்டும். அதிலிருந்து 32 விதைகள் வெளியே வந்தன. பேச்சு நின்றுபோனது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்த ஒரு மூதாட்டி மேசைக்கு வந்து, எடுத்து வைக்கப்பட்ட விதைகளைத் தம் விரல் நுனியால் இரண்டிரண்டாகத் தள்ளி, வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். முப்பத்திரண்டுதான். "அப்போ பதினேழுங்கிறதுல நம்ம புள்ளைங்க தெரியவே தெரியாதா?" என்று கேட்டார். நாட்டின் சராசரிக்குள் ஒரு சமூகத்தின் நிலைமை எப்படி மறைந்துபோகும் என்பதையும், எவரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது என்ற உறுதிமொழி இந்தத் திட்டத்தின் அடிவேராக ஏன் இருக்கிறது என்பதையும் அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டாவது இலக்கின் இரண்டாவது குறியிலக்கு குறிப்பிடுவது இந்தப் பிள்ளைகளைத்தான் என்று சொல்லி, கைநூலின் பக்கத்தைக் காட்டினார்கள்.

நல்ல செய்தியையும் அவர்கள் மறைக்கவில்லை. பிரசவத்தில் இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கையை 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 70க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது உலகத்தின் குறியிலக்கு. இலங்கை அந்த எல்லையை ஏற்கெனவே கடந்துவிட்ட நாடு. மேடேறி லயம் லயமாக வரும் குடும்பநலத் தாதியரின் உழைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று சொன்னபோது, அன்று எங்களுடன் உட்கார்ந்திருந்த தாதியின் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேத்தண்ணீர் இடைவேளைக்குப் பிறகு பதினாறாவது இலக்கை எடுத்துக்கொண்டார்கள். அதன் ஒன்பதாவது குறியிலக்கு, 2030க்குள் எல்லோருக்கும் பிறப்புப் பதிவு உட்பட சட்டபூர்வமான அடையாளம் கிடைக்க வேண்டும் என்கிறது. உலகத்தின் வேறு பகுதிகளில் இந்த வரியை ஒரு நிர்வாக விடயமாக வாசித்துவிட்டுக் கடந்து போவார்கள். மலையகத்தில் அப்படிக் கடக்க முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால், இந்திய வம்சாவளியினரான எங்கள் முன்னோர் நாடற்றவர்களானார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிகுந்த 150,000 பேரைப் பிறகு பார்ப்பதாக வைத்தது. கடைசியில் 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை உறுதியானது. குழு இந்த வரலாற்றைத் தான் சொல்லாமல், பெரியவர்களைக் கொண்டே சொல்ல வைத்தது. அண்ணன் குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு அனுப்பி வைத்த நாளை ஒருவர் சொன்னார். என் தாயாரின் பெயர் தோட்டப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்ததால், ஓய்வூதியப் பணத்துக்காக அவர் அலைந்த அலைச்சலை நானும் சொன்னேன். இந்தப் பகுதிக்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதை இடையில் நிறுத்தாமல் விட்டதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். முடிவில், பத்திரங்களில் பெயர்ப் பிழை உள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் எந்தப் பிரிவுக்கு எந்த ஆவணங்களோடு போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

வீடு, காணி, மண்சரிவு ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியது பொருத்தமாக இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய காலைப் பொழுதை இங்கே நினைவுபடுத்தத் தேவையில்லை; எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் தரையிலும் சுவரிலும் புதிதாக விழும் வெடிப்பு, சாய்ந்து நிற்கத் தொடங்கும் மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கி வரும் அல்லது வற்றிப்போகும் ஊற்று என்று கவனிக்க வேண்டிய அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, உங்கள் லயத்தைச் சுற்றி இவற்றில் எதைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, மூன்று பேர் கையை உயர்த்தினார்கள். காலநிலை பற்றிய பதின்மூன்றாவது இலக்கும், பாதுகாப்பான வீடு பற்றிய பதினோராவது இலக்கும், காணியுரிமையைக் குறிப்பிடும் முதலாவது இலக்கும் ஒரே லயத்தின் பின்சுவரில் வந்து சந்திக்கின்றன என்பதை அந்தக் கைகளே காட்டின.

இனிக் கைநூலைப் பற்றி. அதன் தமிழ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. "நிலைபேறு" என்ற சொல்லை அவர்கள் விளக்கியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்து, அடியிலைகளை விட்டு, காலத்தில் கவ்வாத்து வெட்டினால், செடி பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் கொழுந்து தரும், இன்றைய கிலோவுக்காக மொட்டையடித்தால் செடி செத்துப்போகும். இதைப் படிக்கும் கொழுந்தெடுப்பவருக்கு வேறு உரை தேவையில்லை. வளர்ச்சி குன்றல், மெலிவு என்று அரச படிவங்களில் வரும் சொற்களை "வயதுக்கேற்ற உயரம் இல்லாமை", "உயரத்துக்கேற்ற நிறை இல்லாமை" என்று எழுதி, பிள்ளையின் சுகாதார அட்டையில் அவை எந்தக் கோட்டில் தெரியும் என்று படத்தோடு காட்டியிருக்கிறார்கள். அடையாளம் பற்றிய பக்கமும் குடிநீர் பற்றிய பக்கமும் தனியாகப் பிரதியெடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டத் தக்கவை.

குறைகளும் இருக்கின்றன. ஒன்பதாவது, பதினேழாவது இலக்குகளின் பக்கங்கள் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. "பூகோளப் பங்காளித்துவத்தைப் புத்துயிரூட்டல்" என்ற வரியை எங்கள் சங்கத்தில் ஒருவரும் தாண்டவில்லை. ஏழாவது இலக்குக்கு நிகழ்வில் விறகடுப்புப் புகையைப் பேசியவர்கள், நூலில் ஏன் காற்றாலையின் படத்தைப் போட்டார்கள் என்று விளங்கவில்லை. கடல் பற்றிய பதினான்காவது இலக்கை, மலையில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை என்பது போல ஐந்து வரிகளில் முடித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்து ஓடைகள் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, களனி கங்கையாகிக் கொழும்புக்கு அருகே கடலில் கலக்கின்றன. செடிக்கு அடிக்கும் மருந்தும் ஓடையில் வீசும் பொலித்தீனும் போய்ச் சேரும் இடம் அந்தக் கடல்தான் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமும் உயிர்பெற்றிருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை எட்டாவது இலக்கில் இருக்கிறது. கண்ணியமான தொழில் என்பது பெருந்தோட்ட மக்களுக்கு மற்ற இலக்குகள் எல்லாவற்றின் வாசல். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்படுவதற்கும், 2024இல் 1,350 ரூபாயாக உயர்த்தப்படுவதற்கும் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நிர்ணயித்த கிலோவை எடுக்காத நாளில் முழுப்பேர் அரைப்பேராகிவிடுகிறது, அதாவது முழுநாள் சம்பளம் பாதியாகிவிடுகிறது என்பதும் தெரியும். கைநூலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தையல் இயந்திரத்தின் முன்னால் புன்னகைக்கும் ஒரு பெண்ணின் படமும், சுயதொழில் பற்றிய இரண்டு பந்திகளும் மட்டுமே இருக்கின்றன. சிறுவர் தொழிலை எல்லா வடிவங்களிலும் 2025க்குள் ஒழிக்க வேண்டும் என்று இதே இலக்கின் கீழ் ஒரு குறியிலக்கு உண்டு. பாடசாலையை விட்டு நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட என் மாணவிகள் சிலரின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் நிற்கின்றன. அதைப் பற்றியும் நூல் வாய் திறக்கவில்லை. நிகழ்வின் இறுதியில் இதை நேராகவே கேட்டேன். தோட்டத்துக்குள் வருவதற்கு அனுமதி தேவைப்படுவதால், சம்பளப் பேச்சைத் தவிர்ப்பதாக ஒளிக்காமல் சொன்னார்கள். அவர்களுடைய சிக்கல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எளிமையாகச் சொல்வதற்கு முதலில் உள்ளதைச் சொல்ல வேண்டும். எட்டாவது படத்தை மட்டும் பாதி விரித்துக் காட்டினால், மற்றப் பதினாறையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அச்சைப் பொறுத்தவரை, எழுத்து மிகச் சிறியது. அறுபது வயதைத் தாண்டியவர்களால் கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை. பதினேழு இலக்குகளுக்கும் உலகெங்கும் பொதுவான பதினேழு நிறங்கள் உண்டு; துணிப்படங்களில் அவை பளிச்சென்று இருந்தன. கைநூல் கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டதால், சுவரில் தொங்கும் படத்தையும் கையில் உள்ள பக்கத்தையும் நிறத்தால் இணைத்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. எழுத்து வாசிக்காதவர்களுக்கு அந்த இணைப்புத்தான் வழிகாட்டி.

கட்டணம் நியாயமானது. வான் வாடகையையும் மதிய உணவையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். கைநூல் ஒன்றுக்கு 200 ரூபாய், சங்கத்துக்கு மொத்தமாக எடுத்தபோது 150 ரூபாய். நேரம்தான் போதவில்லை. காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிப்பதாகச் சொன்னார்கள். மூன்றைத் தாண்டிய பிறகும் நான்கு படங்கள் சுருட்டியபடியே கிடந்தன. ஞாயிறு ஒன்றுதான் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் கிடைக்கும் நாள் என்பதால், பெண்கள் பலர் இரண்டு மணிக்கே எழுந்து போக வேண்டியிருந்தது. இரண்டு ஞாயிறுகளில் அரை நாள் அரை நாளாக நடத்தச் சொல்வது நல்லது. நாற்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்; விதைகள் வைத்த மேசையை எல்லோரும் பார்க்கக்கூடிய கூட்டம் அவ்வளவுதான்.

கைநூலின் கடைசி நான்கு பக்கங்களும் வெற்று அட்டவணைகள். இலக்கு, எங்கள் கேள்வி, எந்தக் காரியாலயம், கொடுத்த திகதி, கிடைத்த பதில் என்று ஐந்து நிரல்கள். முந்திய கருத்தரங்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த அட்டவணையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம் என்றும், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர்கள் அறிவிக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு மாதிரி விண்ணப்பத்தை எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் காட்டினார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அதே அக்கா அதைப் பார்த்து, தம் கையாலேயே முதல் வரிசையை நிரப்பினார். எங்கள் பீலித் தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்பது அவருடைய கேள்வி. மறுவாரம் அதைப் பிரதேச சபையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வந்தார். இதை எழுதும் இன்று ஒன்பதாவது வேலை நாள்.

எட்டாவது இலக்குக்கு மட்டும் தனியாக ஒரு நாள் வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் குழுவுக்குக் கடிதம் அனுப்பினோம். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதிகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.